மனிதர்க்குச் செலுத்துவதற்கு அல்ல

தார்த்துவில் பிப்ரவரி.
எமாயொகி ஆறு உறைந்து கிடக்கிறது.
எங்கள் உறைபெட்டி அதைவிடக் குளிர்,
மைனஸ் எண்பது.

உள்ளே சுண்டுவிரல் நுனியளவு குழல்கள்,
ஒவ்வொன்றிலும் நூறு மைக்ரோகிராம் ஏற்பி.
மனித ஏற்பிதான்.
எந்த மனிதரிடமிருந்தும் எடுத்ததில்லை.

வரிசையைத் திரையில் தட்டினோம்,
வட்ட டி.என்.ஏ. ஒன்றில் தைத்து
வளர்ப்புச் செல்களுக்குள் நுழைத்தோம்.
அந்தச் செல்களின் மூதாதை ஒரு சிறுநீரகம்,
என்னைவிட வயதில் மூத்தது,
இன்னும் சாகத் தெரியாமல்
குடுவையில் குலுங்கிக் குலுங்கிப் பெருகுகிறது.

வெளியே நீட்டியிருக்கும் பகுதி மட்டும் போதுமென்று
சவ்வைத் துளைக்கும் தண்டையும்
உள்ளே சேதி சொல்லும் வாலையும்
வரைபடத்திலேயே நறுக்கிவிட்டோம்.
ஆகவே இது பிடிக்கும்.
பிடித்ததை யாரிடம் போய்ச் சொல்வது?
வாசல்மணி உண்டு, வீடு இல்லை.

நறுக்கிய இடத்தில் ஆறு ஹிஸ்டிடின்,
நிக்கல் பற்றிக்கொள்ள ஒரு குடுமி.
மற்றதெல்லாம் கழுவிக்கொண்டு போக
குடுமி மாட்டியது மட்டும் நிற்கும்.
இமிடசோல் ஊற்றினால்
அதுவும் கைநழுவி இறங்கும்.

ஜெல்லில் ஓடவிட்டால் பொய் சொல்லும்.
கணக்குப்படி பதினேழு கிலோடால்டன்;
பட்டை நிற்பதோ முப்பத்தைந்தில்,
அதுவும் ஈரத்தில் கலைந்த மை மாதிரி.
சர்க்கரைக் கிளைகளைப் போர்த்திக்கொண்டு வருகிறது.
இந்த ஊர்க் குளிரில்
யார்தான் மெலிதாய்த் தெரிகிறார்கள்?

போன வருடம் கோயிம்ப்ராவிலிருந்து ஒருத்தி எழுதினாள்:
உங்கள் ஏற்பி எதையும் பிடிக்கவில்லை.
ஐந்து தடவை உருக்கி
ஐந்து தடவை உறையவைத்திருக்கிறாள்.
மடிப்புக் கலைந்தால் வெறும் நூல்தான், அம்மணி.
இதை நாகரிகமான மொழியில் எழுத
எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று.

'போதும்' என்ற சொல் காதில் விழுந்தால்
காவல் செல்லை நிறுத்திவைப்பது,
உடலில் இதன் உத்தியோகம் அவ்வளவுதான்.
புற்று அந்தச் சொல்லைக் கற்றுவைத்திருக்கிறது.

குழல்களுக்கு மூடி திருகுபவன் வால்தூர்.
மூன்று வாரத்துக்கொரு செவ்வாய் வரமாட்டான்.
மருத்துவமனை நாற்காலியில் அரைமணி நேரம்
அந்தக் காதை அடைக்கும் மருந்து
சொட்டுச்சொட்டாய் நரம்பில் இறங்கும்.
புதன்கிழமை, தோல் அரிக்கிறதென்று
முழங்கையைச் சொறிந்தபடி
கறுப்பு ரொட்டி தின்பான்.

என் மேசையிலும் அதே மருந்து.
ஏற்பி ஒழுங்காக மடிந்திருக்கிறதா என்று
அதைவிட்டுத்தான் பார்ப்பேன்.
இன்று காலை, தொகுதி எண் 0417:
சில்லின்மேல் ஏற்பி, அதன்மேல் மருந்து.
கோடு ஏறியது.
மருந்தை நிறுத்தி வெறும் கரைசல் விட்டேன்.
கோடு இறங்கவேண்டிய நேரம்.
காப்பி ஆறிப்போனது.
இறங்கியதாகவே தெரியவில்லை.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.
விற்கலாம்.

"வளைவு எப்படி?" என்றான் பின்னாலிருந்து,
கையுறையைக் கழற்றாமல்.
எதைக் கேட்கிறான் என்று ஒரு கணம் விளங்கவில்லை.
வெள்ளிக்கிழமை அவனுக்கு ஸ்கேன்.
"நன்றாகப் பிடிக்கிறது" என்றேன்.
சில்லில் என்று சேர்க்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.

லேபிள் சுருளை எந்திரத்தில் மாட்டினான்.
ஒவ்வொரு குழலிலும் எறும்பெழுத்தில்
அதே வரி விழுந்தது:
ஆராய்ச்சிக்கு மட்டும்.
மனிதர்க்குச் செலுத்துவதற்கு அல்ல.
நானூற்றுப் பன்னிரண்டு தடவை.
இரண்டு கோணலாய் ஒட்டிவிட்டன.
நகத்தால் உரித்து
மறுபடி ஒட்டினான்.