மூழ்கவிடும் வாரம்

விவாகரத்துப் பத்திரத்தில்
எல்லாம் இருந்தது.
காப்பி எந்திரம் இல்போவுக்கு,
பனி தள்ளும் வண்டி எனக்கு,
நாய் ஆளுக்குப் பாதி மாதம்.
படகு மட்டும் இல்லை.

கார் கொட்டகையில்
மூலைக்கு மூலை சாய்த்து,
தார்ப்பாய்க்குக் கீழே
ஏழு வருஷம் கிடந்ததை
இருவருமே மறந்திருந்தோம்.

நவம்பரில் மண்வெட்டி தேடப்போய்த்
தார்ப்பாயைத் தூக்கினேன்.
எஞ்சின் பெட்டிக்குள்
யாருடையதோ கம்பளிக் காலுறையைப் பிரித்து
எலி ஒரு தொட்டில் கட்டியிருந்தது.
தொட்டிலில் யாருமில்லை.
மூன்று விலாக்கள் ஒடிந்திருந்தன
(படகுக்குத்தான்).

சுற்றிவந்து வேலை செய்ய இடம் வேண்டும்.
காரை வெளியே தள்ளினேன்.
ஓடம் வண்டியேறும் என்பது பழைய கதை.
பூமலாவில் அந்தக் குளிர்காலம்
ஓடம் கூரைக்குக் கீழ்,
வண்டி இடுப்பளவு பனியில்.

சுரண்டினேன்.
வெள்ளை, அதன் கீழ்ப் பச்சை,
அதன் கீழ் யாரோ மலிவாக வாங்கிய
பீரங்கிச் சாம்பல் நிறம்,
அப்புறம் பைன் மரம்,
நேற்று அறுத்ததுபோல் மணத்துக்கொண்டு.
நள்ளிரவுச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு ரெய்யோ
சண்டைக்கென்றே வந்தார்.
பார்த்தார்.
மறுநாள் வாசலில்
ஒரு டப்பா செப்பு ஆணி இருந்தது.

'ஐலா' என்று பக்கவாட்டில் எழுதியிருந்தது.
அந்தக் குடும்பத்தில் ஐலா என்று ஒருத்தியும் கிடையாது.
முன்னாள் மாமியார் ஔனேவுக்குப் போன் போட்டேன்.
"பெயர் படகோடு வந்தது.
அழிக்கப் பெயிண்ட் வாங்க வேண்டுமே" என்றாள்.
பிறகு, நான் என்ன செய்கிறேன் என்று கேட்காமல்,
ஆளிவிதை எண்ணெயைச் சுடவைத்துப் பூசு என்றாள்.

கெட்டில், கூரைத் தண்ணீர்க் குழாய், பழைய துண்டு.
ஆவியில் பதினோரு நிமிஷம்.
எடுத்த கணத்தில் ஓக் சட்டம்
ஈரத் துணிபோல் வளையும்.
அரை நிமிஷம் தாமதித்தால்
பழையபடி மரமாகிவிடும்.
நான்கு ஒடித்தேன்.
மூன்று நின்றன.
கெட்ட வார்த்தைகளுக்குக் கணக்கில்லை.

கார்புரேட்டரைச் சூப்புச் சட்டியில் கொதிக்கவைத்தேன்.
ஈஸ்டர் வரைக்கும் சூப்பில் பெட்ரோல்.

இருக்கைப் பலகையைத் திருப்பியபோது
அடியில் கத்திக் கீறல்கள்.
மீன்களின் நீளம், வருஷத்தோடு.
இல்போவின் ஒன்பது வயது எழுத்து.
கடைசிக் கோடு மற்றவற்றைவிட
இரண்டு சாண் நீளம்.
பொய்.
உப்புத்தாளை அங்கே கொண்டுபோகவில்லை.

மே மாதம் பனி உடைந்து
சைமா கறுத்துத் திறந்ததும்
எஞ்சினைச் சமையலறையில் விட்டுவிட்டு
வெறும் படகைத் துறையில் இறக்கினேன்.
ஆறு மாத வேலை.
இருபது நிமிஷத்தில்
விளிம்புவரை நிறைந்து தாழ்ந்தது.

பாலத்திலிருந்து சுற்றுலாக்காரர்கள் கத்தினார்கள்.
"அம்மா, உங்கள் படகு மூழ்குகிறது!"
தெரியும்.
காய்ந்த பலகைக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும்.
ஊறி, உப்பி,
ஒன்றையொன்று நெருக்கும்வரை
பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.
அதற்கு மட்டும் எந்தக் கருவியும் இல்லை.

மூன்றாம் நாள் இல்போ வந்தான்.
ஔனே சொல்லியிருப்பாள்.
துறையில் குந்தி,
தண்ணீருக்கடியில் தெரிந்த பெயரைப் படித்தான்.
யாருடையது என்று கேட்கவில்லை.
"எப்போது இறைக்கிறாய்?"
"வியாழக்கிழமை."

வியாழக்கிழமை இரண்டு வாளிகள் இருந்தன.
பேசாமல் இறைத்தோம்.
ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.
தண்ணீர் திரும்பி வரவில்லை,
அணியத்தில் ஒரு நூல் கசிவைத் தவிர.

எஞ்சினைப் பொருத்தி, சக்கரத்தைச் சுழற்றினால்
முதல் தடவை இருமல்,
இரண்டாம் தடவை கருப்புப் புகை,
மூன்றாவதில்
டுக், டுக், டுக் என்று
ஏரியின் அக்கரை திருப்பிச் சொன்னது.

அவன் காரின் கதவு திறந்திருந்தது.
நாய் ஒரே ஓட்டமாய் வந்து
முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தது.
அந்தப் பாதி மாதம்
அவன் கணக்கு.

கசிவுக்குத் தகரக்குவளை ஒன்று வைத்திருக்கிறேன்.
பத்திரத்தை இன்னும் திருத்தவில்லை.