இருபத்து நான்காவது தலை

ஏறும்போது இருபத்து மூன்று.
பலகையின் ஓரம் நின்று
ஒவ்வொரு தொப்பியாகத் தொட்டு எண்ணியவள் நான்.
கயிறு அவிழ்ப்பது, தலை எண்ணுவது,
குமட்டுகிற பிள்ளைக்கு வாளி நீட்டுவது
என் வேலை.
ரைன் ஆற்றைப் பற்றிச் சொல்வது ரெகுலாவின் வேலை.

பாசலில் காலை எட்டே முக்கால்.
பாலத்தடியில் தண்ணீர் பச்சையாக,
கொஞ்சம் அவசரமாக.
கறுப்பும் வெள்ளையுமாய் நான்கு கூறு போட்ட தட்டை
நாடாவில் கட்டி இறக்குகிறாள் ரெகுலா.
"கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள்."
ஒரு மீட்டரிலேயே நிறுத்து என்று ஒருவன் கத்த,
இன்னும் தெரியுது, இன்னும் தெரியுது என்று
கண்ணாடி போட்ட ஒருத்தி இரண்டு மீட்டர் வரை விடவில்லை.
இரண்டையும் கூட்டி, வகுத்து, எழுதிக்கொண்டார்கள்:
ஆற்றின் தெளிவு இன்று ஒன்றரை மீட்டர்.
யாருடைய கண்ணின் தெளிவு என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.

பிறகு கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு மீன்,
விரல் நீளம், தவளை முகம்.
கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல்களோடு வந்தது,
இந்த ஆற்றுக்கு உரியதல்ல,
பிடித்தால் திரும்ப விடக்கூடாது, சட்டம்,
என்கிறாள் ரெகுலா.
அவள் சொன்ன சொல்லுக்குத் தமிழ் என்ன என்று
கயிற்றைச் சுருட்டியபடி யோசித்தேன்.
ஒரு சொல் இருக்கிறது.
வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பிர்ஸ்ஃபெல்டனில் படகை உயர்த்தும் மதகு.
பின்கதவு மூடிவிட்டது, முன்கதவு திறக்கவில்லை.
எல்லாரும் வாங்கில் உட்கார வேண்டும்,
நான் எண்ண வேண்டும்.
இருபத்து நான்கு.
மறுபடி எண்ணினேன்.
குறைந்தால் என்ன செய்வது என்று
கையேட்டில் மூன்று பக்கம் இருக்கிறது.
கூடினால் செய்ய ஒரு வரிகூட இல்லை.

வாளி தேடக் குனிந்தேனே, அந்த இரண்டு நொடி.
கடைசி வாங்கு. அதே செம்மஞ்சள் தொப்பி.
பெயர் ஆர்ப்னோர்.
அவன் வகுப்பு இந்நேரம்
காகித ஆலை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.
"பிழையான வரிசையில் ஏறிட்டியா?"
"இல்லை. சரியான வரிசையைத் தேடிப் பிடிச்சேன்."

தொலைபேசியில் அவன் ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை.
எண்ணும் சத்தம் மட்டும் கேட்டது.

மதகுக்குள் நிற்கும் படகைத் திருப்ப முடியாது.
ஈரச் சுவர் எங்களைத் தாண்டிக் கீழே போனது,
பாசி, இரும்பு ஏணி, ஒரு சிலந்தி.
அத்தனை வாயும் ஓய்ந்த நேரத்தில்தான் அவன் கேட்டான்:
"அந்த மீன் எத்தனை வருசம் இருந்தா
இந்த ஆத்து மீன்?"

நல்ல கேள்வி என்றாள் ரெகுலா.
பதில் தெரியாவிட்டால் அப்படித்தான் சொல்வாள்.
இங்கே குஞ்சு பொரித்தால் போதும் என்றாள் கண்ணாடிக்காரி.
குஞ்சுக்குக் குஞ்சு பிறக்க வேண்டும் என்றான் இன்னொருவன்.
சுவிஸ் பிள்ளைகள் அல்லவா,
உடனே கைதூக்கி வாக்கெடுத்தார்கள்.
பதினொன்றுக்குப் பதினொன்று.
ஒருத்தி வாளிக்குள் தலையை விட்டிருந்தாள்.
ஆர்ப்னோரும் கை தூக்கினான்.
"நீ எங்கள் வகுப்பில்லை, உனக்கு வாக்கு இல்லை,"
என்றான் முன்வாங்குப் பெடியன்,
கோபமே இல்லாமல், விதியை வாசிப்பவன் போல.
அவன் கையை இறக்கவில்லை.
முன்கதவு திறந்தது.
மேலாறு வெயிலோடு எங்கள் மட்டத்தில் கிடந்தது.

திரும்பி வந்தபோது துறையில் ஒரு ஆசிரியர்,
மூச்சு வாங்க, கோட்டுப் பொத்தான் மாறிப் பூட்டி.
பதிவேட்டில் எழுதினேன்:
ஏறியோர் 23. இறங்கியோர் 24.
கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த பள்ளி வர நாற்பது நிமிடம்.
ரெகுலா சாப்பிடப் போய்விட்டாள்.
தொட்டியில் அது செவுளை அசைத்துக்கொண்டிருந்தது.
சட்டம் எனக்குத் தெரியும்.
தண்ணீரை மாற்றி வைத்தேன்.