தண்ணீர் – ஏழு நாள்

கணக்குக் கொப்பியில் என் பெயர் இல்லை.
‘தண்ணீர் – ஏழு நாள்’ என்று எழுதிப்
பக்கத்தில் தொகை போட்டிருக்கிறார்
ஓவசியர் மரியநாயகம்.

உப்புவெளியில் புது ஹோட்டல்.
சாப்பாட்டு மண்டபத்துக்கு
ஆயிரத்து இருநூறு சதுர அடி கொங்கிறீட்.
மாபிள் இல்லை, டைல்ஸ் இல்லை,
சீமெந்தையே கண்ணாடியாக்கப் போகிறார்களாம்.
அதற்கு முதல் அது குடிக்க வேண்டும்.

ஆனி மாதக் கச்சான்
பத்து மணிக்கே எழும்பிவிடும்,
கன்னியாக் கிணறுகளில் குளித்துவிட்டு
நேரே இங்கு வந்ததுபோல் சுடும்.
உள்ளே ஈரம் இருக்க மேல்தோல் காய்ந்து
மயிரளவு வெடிப்பு ஒன்று ஓடினால் போதும்,
எல்லாம் போச்சு.
சாக்கு விரிப்பேன், ஹோஸ் பிடிப்பேன்.
கடைசிச் சாக்கு நனையும்போது
முதல் சாக்கு வெளிறியிருக்கும்.

மேசன் குகராசா சிரித்தான்:
‘காயட்டும் அக்கா, காய்ந்தால்தானே இறுகும்.’
அவன் மோட்டார்சைக்கிள் நின்ற மூலையை மட்டும்
என்னால் நனைக்க முடியவில்லை.
மூன்றாம் நாள் ஆணியால் கீறிப் பார்த்தான்.
என் பக்கத்தில் ஆணி வழுக்கியது.
அவன் மூலையில் மாவு வந்தது.
பேசாமல் வண்டியை வெளியே உருட்டினான்.
பிந்திவிட்டது.

நாலாம் இரவு குழாயில் காற்றுத்தான் வந்தது.
கிணற்றுத் தண்ணீர் கரிக்கும்; கூடாது.
பக்கத்து வளவு வீட்டைத் தட்டி
ஐந்து வாளி வாங்கினேன், ஆறாவது கேட்க வெட்கம்.
குடிக்க வைத்திருந்த கலனையும் கவிழ்த்தேன்.
தெருநாய் ஒன்று வந்து
ஈரச் சாக்கை நக்கியது.
துரத்தவில்லை.
எனக்கும் தொண்டை அப்படித்தான் இருந்தது.

மாதம் கழித்து வத்தளையிலிருந்து மெஷின் வந்தது.
ஐம்பது, நூறு, இருநூறு என்று தட்டு மாற்றி
மூவாயிரம் வரை தேய்த்தார்களாம்.
மிச்சக் காசுக்குப் போன அன்று
செருப்பை வாசலில் கழற்றினேன்,
யாரும் சொல்லாமலே.
கூரை விசிறி காலுக்கடியில் சுற்றியது.
கருங்கல் துண்டுகளுக்கு நடுவில்
வெருகல் மணலோடு வந்த நத்தை ஒன்று
பாதியாய் அறுபட்டு
உள்சுருள் தெரியக் கிடந்தது.
குகராசாவின் மூலை மினுங்கவேயில்லை.
பெரிய பூச்சாடி ஒன்று வைத்திருந்தார்கள்.

ஓவசியர் எண்ணினார். ஒரு நாள் குறைந்தது.
‘நாலாம் நாள் ராத்திரி
பைப்பில தண்ணி வரேல்லையே, பிள்ளை.’

‘அந்த ராத்திரி எந்த இடத்தில கிடக்குது,
காட்டுங்கோ’ என்றேன்.

பிளேன்டீக் கோப்பையோடு குனிந்து தேடினார்.
பூச்சாடிப் பக்கம் பார்த்தார்; எனக்கும் சிரிப்பு வந்தது.
மற்ற இடமெல்லாம்
அவருடைய முகம்தான் எட்டிப் பார்த்தது.
கோப்பை சரிந்து கொஞ்சம் சிந்திற்று.

தேத்தண்ணி உள்ளே இறங்கவில்லை.
மணிமணியாய் மேலே நின்றது.
சேலைத் தலைப்பால் ஒற்றினேன்,
அடையாளமே இல்லை.

இனி அது எதையும் குடிக்காது.