ஆறு மணிச் சோதனை

மாவட்ட நீதிமன்றத்தின் நிலவறை. ஜன்னல் கிடையாது.
வெளியே மினசோட்டா,
உறைநிலைக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி
என்கிறது திரையின் மூலை. நம்புகிறேன்.

எங்கள் ஊர்களுக்கு இரண்டு பெயர்.
ஒன்று வரைபடத்தில்.
இன்னொன்று என் விரல்நுனியில்: இரண்டே ஓசை.
தாழ்ந்து எழுந்தால் நோர்ஹெய்ம்.
ஓங்கி விழுந்தால் கிராஸ் லேக்.
தன் ஓசைக்கு மட்டுமே பேஜர் கண் விழிக்கும்.
பக்கத்து ஊர்ப் பேஜர்
புரண்டுகூடப் படுக்காது.

இரவு 2:41.
பீட் கிழங்குப் பண்ணை, லாரிக் கொட்டகை எரிகிறது,
உள்ளே டீசல்.
தாழ்ந்த ஓசை. எழுந்த ஓசை.
முகவரியை இரு முறை சொன்னேன், நிதானமாக;
பதறினால் எண் பிறழும்,
எண் பிறழ்ந்தால் வண்டி வேறு யார் வீட்டு வாசலிலோ நிற்கும்.

பிறகு மௌனம்.
சம்பளம் வாங்காத பதினொரு பேர்
இருட்டில் பூட்ஸ் தேடுகிற மௌனம்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓரின் ஸ்கார்,
கையெல்லாம் மாவோடு பேக்கரியிலிருந்து லவோன்,
பன்றிகளுக்கு ஊசி போடும் டுவைட்.
ஆறாவது நிமிடம் ஓரினின் குரல்:
"எஞ்சின் ஒன்று. மூன்று பேர். கிளம்பிவிட்டோம்."

தீ என்றால் ஆம்புலன்ஸும் போய் நிற்க வேண்டும்.
அட்டையில் அப்படித்தான் இருக்கிறது.
ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பதே ஒன்று.
அனுப்பினேன். போய் நின்றது.

2:58.
எவாஞ்சலினா என்று ஒரு பெண், பதினெட்டு மைல் தெற்கே.
கணவன் குளியலறைத் தரையில். மூச்சில்லை.
சும்மா நிற்பதை எடுத்து
விழுந்துகிடப்பவனுக்குக் கொடுத்தேன்.
இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
ஒரு விரல், ஒரு பொத்தான்.
திரையில் பச்சைச் சதுரம் தெற்கே திரும்பியது.

நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள், சத்தமாக எண்ணுங்கள் என்றேன்.
அவள் ஸ்பானிஷில் எண்ணினாள்,
நான் ஆங்கிலத்தில்.
பத்தும் பத்தும் பொருந்தின.
நூறு தாண்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து.
எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

3:09. மறு காதில் லவோன்:
"ஓரின் வழுக்கி விழுந்துட்டான், நாங்க பீய்ச்சின தண்ணியே
பனிக்கட்டியாயிடுச்சு. தொடை எலும்பு.
ஆம்புலன்ஸ் எங்கே?"

எங்கே.

அக்கரையைக் கூப்பிட்டேன், வடக்கு டகோட்டா.
வேறு மாநிலம், வேறு திரை, அங்கேயும் ஒருத்தி விழித்திருக்கிறாள்.
வருகிறோம் என்றாள். முப்பத்துநான்கு நிமிடம் என்றும்.

ஓரின் மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும்:
"மார்லிஸ், வண்டிக்குள்ளதான் படுத்திருக்கேன்.
ஹீட்டர் ஓடுது. மெதுவா வரட்டும்."
பொய்.
பல் கிட்டுகிற சத்தம் சொல்லுக்குச் சொல் நடுவே கேட்டது.

3:51. தெற்கே போன வண்டி
மருத்துவமனைக்குப் புறப்படுவதாகச் சொன்னது.
"விளக்கு இல்லாமல்" என்றது.
எங்கள் பாஷையில் அதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை.

எவாஞ்சலினா எந்த எண்ணில் நிறுத்தினாள் தெரியாது.
கதவு தட்டும் ஓசை, காலடிகள்,
பிறகு போன் எங்கோ தரையில் விழுந்தது.
நாற்பத்தேழு வரை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் மேலாளர் ஒலிப்பதிவைக் கேட்டார்.
சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்றார்.
எனக்கும் தெரியும்.
தெரிந்துகொண்டே வீட்டுக்குப் போய்
பகல் முழுக்க மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

மாலை ஆறு. மறுபடி நாற்காலி.
தினமும் இந்நேரம் ஒவ்வோர் ஊரின் ஓசையையும்
ஒருமுறை அனுப்பிப் பார்க்க வேண்டும்.
சாப்பாட்டு மேசைகளில் யாரும் நிமிர்வதில்லை;
நாய்கள் மட்டும் காது தூக்கும்.
தாழ்ந்த ஓசை. எழுந்த ஓசை.
"நோர்ஹெய்ம், இது சோதனை மட்டுமே."

போன் அடித்தது. வார்டிலிருந்து ஓரின்.
"கேட்டுச்சு. நர்ஸ் திட்டுறா."
சற்றுப் பொறுத்து:
"அந்த ஆளு?"

நான் வாய் திறக்கவில்லை.

"சரி" என்றான்.
"கிராஸ் லேக் காத்திருக்கும். போடு."