ஸ்ட்ராபெரி வாசம்

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு
மிதுனன் வாயில் ஸ்ட்ராபெரி வாசம்.
முக்கூடலில் யார் வீட்டிலும் அந்தப் பழம் கிடையாது.
மருந்துக்கடைச் சீசாவில்தான் உண்டு,
காலையில் ஒரு மூடி, ஐந்து மில்லி.

தொட்டேன். குளிர்ந்துதான் இருந்தான்.
அது மருந்து தந்த குளிர்ச்சி,
மத்தியானச் சோற்றுக்கு முன்னால் தீர்ந்துவிடும்.
பதினாறு வருசமாகப் பால்வாடி நடத்துகிறவளுக்கு
இதுகூடத் தெரியாதா?

“நாளைக்குள்ள ஆயிரம் பீடி குடுக்கணும் டீச்சர்,
இன்னைக்கு ஒருநா பாத்துக்கிடுங்க.”
சொல்லி முடிக்கையில் செல்லக்கிளி
தெருமுக்குக்குப் போயிருந்தாள்.
உள்ளே விட்டேன்.
பதிவேட்டில் டிக் போட்டேன்.

பிறகு நடந்ததில் சொல்லும்படி ஒன்றுமில்லை.
ரப்பர் யானையின் தும்பிக்கையை அவன் சப்பினான்.
யானையை அஃபியா பிடுங்கினாள்.
அஃபியாவின் டம்ளரில் ஜோவின் குடித்தான்.
ஜோவின் அழுதான், மூக்கைத் துடைத்துவிட்டேன்
என் முந்தானையால்.
அதே முனையில்தான் காலையிலிருந்து
பதினோரு மூக்கு.

வியாழக்கிழமை முட்டை நாள்.
பதினேழு முட்டை மிஞ்சியது.
உள்ளங்கையில் கொப்புளம், உள்ளங்காலில்,
உதட்டைப் புரட்டினால் உள்ளேயும்.

அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள்.
ஆஸ்பத்திரி டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து
“அம்மை இல்ல, இது வேற. தானாப் போயிரும்.
பால்வாடியை ஒரு வாரம் பூட்டிருங்க” என்றார்.

சாவி சின்னதுதான்.
பூட்டினால் இருபத்திரண்டு மடியில்
சொளவுக்கும் பிள்ளைக்கும் அடிபிடி.
இலை வெட்டும் கையைச்
சுடுகிற கை ஒன்று இழுக்கும்.
ரசஞ்சோற்றின் உப்பு நாக்கில் பட்டதும்
தெருவே வீறிடும்.

குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு
யாரால் வந்தது என்ற பேச்சும் வந்தது.
“அந்த ஜோவின் பயதான்.
அவன் அப்பன் திருப்பூர்ல இருந்து வந்தாம்லா.”
ஜோவினின் அம்மா எமிலி
பாதிக் குடத்தோடு இடுப்பைத் திருப்பி நடந்தாள்.
அடுத்த குடம் என்னுடையது.
செல்லக்கிளி என்னைப் பார்த்தாள்.
வாயைத் திறந்தேன்.
“இன்னைக்குத் தண்ணி நல்லா வருது” என்றேன்.

எடைக்குக் கட்டம் உண்டு பதிவேட்டில்,
உயரத்துக்கு, ஊசிக்கு, சத்துமாவுக்கு.

யானையை டெட்டாலில் முக்கி
மூன்று வெயில் காயவைத்தேன்.
முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு
ஆணியில் ஒரு கட்டுத் துணி தொங்கவிட்டேன்,
ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி.

ஐந்தாம் வாரம் அஃபியா
இறுக்கி மூடிய கையோடு வந்து
என் முன்னால் விரித்தாள்.
கட்டைவிரல் நகம். முழுசாக.
“அதாக் கழண்டுட்டு டீச்சர், வலிக்கவே இல்ல.”
விரலில் அரிசி முனையளவு
புது நகம் எட்டிப் பார்த்தது.

“இத யானைக்குக் குடுக்கட்டா?
அதுக்கு நகமே இல்லல்லா.”

கொடு என்றேன்.
நான்கு காலில் எந்தக் காலுக்கு என்று
வெகுநேரம் யோசித்தாள். பிறகு
ஆணியில் மடிப்புக் கலையாத துணியைப் பார்த்துக் கேட்டாள்:
“ஜோவின் எப்ப வருவான்?”