ஐகாரக் குறுக்கம்

அட்டன் டன்பார் வீதியில்
டயர்க்கடைக்கு மேலே என் மேசை.
மதியத்துக்குள் பனி ஏறிவிடும்,
எதிர்ச்சுவர்கூடத் தெரியாது.
திரையில் ஓர் அச்சு வார்ப்பு:
ஒருமுறை நான் எழுதினால்
இருபத்து நான்கு முறை அது எழுதும்.

மேக்கணக்குக் குடிநீர்ச் சங்கத்துக்காக.
லயம் நாலு. லயத்துக்குக் காம்பரா ஆறு.
காம்பராவுக்கு ஒரு மீட்டர்,
மீட்டருக்கு ஒரு துண்டு நிரல்.
அத்தனையும் கையால் எழுத யாருக்குப் பொறுமை?
வெளியே ஒரு சுற்று, லயங்களுக்கு.
உள்ளே ஒரு சுற்று, காம்பராக்களுக்கு.
இரண்டிலும் எண்ணிக்கொண்டு போகிறவன் பெயர்
ஐ.

பூச்சியத்திலிருந்து எண்ணுகிற அவன் புத்திக்கு
முன்கூட்டியே ஒன்று கூட்டி வைத்திருந்தேன்.
பூச்சியமாம் காம்பராவில் எவரும் குடியில்லை என்று
எனக்குத் தெரிந்திருந்ததில் கொஞ்சம் பெருமை.

சனிக்கிழமை ஜெசிந்தா பேசினாள், சங்கப் பொருளாளர்.
"தங்கச்சி, ஆறாம் லயம்னு பில்லு வந்திருக்கு.
நம்ம கணக்குல லயமே நாலுதானே?"
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"ரெண்டாம் லயம் அஞ்சாவது காம்பரா
செல்வமலருக்குப் பில்லே இல்ல.
நல்லதாப் போச்சுங்கிறா.
நல்லதா, நீங்களே சொல்லுங்க."

விளைந்து கிடந்த நிரலைத் திறந்தேன்.
ஒன்று ஒன்று, இரண்டு இரண்டு,
இப்படியே ஆறு ஆறு வரை;
மறுபடியும் ஒன்று ஒன்று.
நாலு தடவை அதே ஆறு பெயர்.
பின்னால் வந்தது முன்னால் வந்ததின் மேல் உட்கார்ந்து
கடைசி லயம் மட்டும் மிஞ்சியிருந்தது.

'ஐயை' என்று சொல்லிப் பாருங்கள்,
ஐக்குப் பின்னால் இன்னோர் ஐ.
பள்ளியில் படித்ததுதான்:
சொல்லுக்குள் மாட்டிக்கொண்டால்
இரண்டு மாத்திரை ஒன்றாய்க் குறுகும்.
இங்கே குறுகியது வெளியே நின்றவன்.
அவனை யாரும் அழிக்கவில்லை.
வாசலில்தான் நிற்கிறான்;
கூப்பிட்டால்
அதே பெயருள்ள இன்னொருவன் வருகிறான்.

ஒரு வரி போதுமாயிருந்தது.
உள்ளே நுழையும் முன்பே
அவனுக்கு 'லயஎண்' என்று வேறு பெயர் வைத்து
கையோடு கூட்டிப்போனேன்.
இருபத்து நான்கு பில்லும் சரியாய் வந்தன.
செல்வமலர் என்னைத் திட்டினாளாம்.

வைகாசி மழைக்கு
மூன்றாம் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது.
மூன்றாவது காம்பராவைக் காலி பண்ணச் சொன்னார்கள்.
ஜெசிந்தா பட்டியலில் அதை நீக்கினாள்.
அவ்வளவுதான் செய்தாள்.
நாலாவது காம்பரா மூன்றானது, ஐந்து நாலானது,
போனவர்களின் ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் பாக்கி
ஞானசீலன் தலையில் விழுந்தது.
"நான் குடிக்காத தண்ணிக்கா?"
பின்னால் அவன் சத்தம் கேட்டது.

வரிசையில் நிற்கும் இடத்தை
ஆளின் பெயரென்று நம்பியது நான்.
முன்னால் ஒருவர் விலகினால்
பின்னால் எல்லோரும் வேறு ஆளாகிவிடுவார்களா?

இப்போது மீட்டரின் பித்தளையில் குத்திய எண்தான் பெயர்.
ஐயை வேலையிலிருந்து நிறுத்தவில்லை.
கடைசி ஆளா என்று பார்த்து
அவருக்குப் பின் காற்புள்ளி வைக்காமல் விடுகிறான்.
அதில் இதுவரை தப்பில்லை.

நேற்றும் ஜெசிந்தா.
காலி காம்பராவில் பைப்பு மூடவில்லையாம்,
மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.
"இதை எந்த எண்ணுல போடுறது?"
பனி ஜன்னலுக்கு வந்துவிட்டது.
பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு
இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.