இருநூறு மில்லி

நான் சமைப்பவள் அல்ல, சுமப்பவள்.
காருவாரு மகப்பேறு மருத்துவமனை,
மூன்றாம் மாடி, பதினெட்டுக் கட்டில்.
தள்ளுவண்டியின் இடது சக்கரம் கிறீச்சிடும்.
எண்ணெய் கேட்டு மார்ச்சில் எழுதிக் கொடுத்தேன்.
இது ஜூன்.

கட்டிலில் மஞ்சள் அட்டை தொங்கினால்
நிற்காமல் போகவேண்டும்.
வெறும் வயிறு என்று எழுதிய அட்டை.
பதினோரு வருடம் அப்படித்தான் போனேன்.
மூடி திறக்காவிட்டாலும்
சோளக்கஞ்சியின் மணம் எனக்கு முன்னால் போய்
அவர்களை எழுப்பிவிடும்.
வாயும் வயிறுமாய் இருப்பவளிடம்
வாயைக் கட்டு என்று சொன்னது
என் முதுகு.

மூத்தவனுக்காக நானும் அந்த அட்டையின் கீழ் கிடந்தேன்.
இரவு எட்டுக்குச் சாப்பிட்டது,
மறுநாள் மூன்றுக்குக் கத்தி.
பிறந்தவுடன் அழுதானா என்றால் தெரியாது.
நினைவிருப்பது
கதவோரம் தண்ணீர் குடித்த ஒரு தாதியின் தொண்டை,
அது ஏறி இறங்கியது.

போன வருடம் மயக்க மருந்து டாக்டர் ஒதோனியேல்
தானே சமையலறைக்கு இறங்கி வந்தார்.
அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை
தெளிந்த பானம் தரலாம் என்றார்.
எது தெளிந்தது?
டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தார்:
எழுத்து தெரிந்தால் கொடு, மங்கினால் கொட்டு.
"சர்க்கரைத் தண்ணீருக்கு ஒரு டாக்டரா?"
சமையல்காரர் ஜெனிவால் சிரித்தார்.
கரண்டியைக் கழுவித்தான் சிரித்தார்.

பதினொன்றாம் கட்டில் மரிலூசியா.
தொரித்தாமாவில் ஜீன்ஸ் தைப்பவள்,
நகக்கண்ணில் போகாத நீலம்.
முதல் பிள்ளை பிறந்ததும் நடுங்கினான்,
ரத்தத்தில் சர்க்கரை இல்லையென்று
இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.
இந்த முறை
ஒன்பது மாதமும் கணக்கு வைத்திருந்தாள்:
தினம் அவரை, வெள்ளிக்கு வெள்ளி ஈரல்,
பின்னாலேயே ஓர் ஆரஞ்சு,
பிடிக்காத கீரையை மூக்கைப் பிடித்துக்கொண்டு.
கடைசி இரவு மட்டும்
கணக்கில் எழுத ஒன்றுமில்லை என்று பயந்தாள்.

காலை ஐந்துக்கு டம்ளர் கொண்டுபோனேன்.
சன்னலுக்கு வெளியே
சாங் ஜுவாங் இரவின் சொக்கப்பனைகள் புகைந்துகொண்டிருந்தன.
"என்ன ருசி இது?"
எனக்கும் தெரியாது, குடித்ததில்லை என்றேன்.
ஏழு மணிக்கு அறுவை.

ஆறே முக்காலுக்கு
மலைப்பக்கத்திலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள்,
விரிப்பெல்லாம் ரத்தம்.
அறுவை அறை ஒன்றுதான்.
ஏழு எட்டானது.
பதினொன்றாம் கட்டிலை எல்லோரும் மறந்தார்கள்,
மறக்க வேண்டிய நேரம்தான் அது.
மறக்காதிருக்க என்னிடம்
ஒரு காலி டம்ளர் இருந்தது.

அறுவை அறைக் கதவைத் தட்டுவது என் வேலையல்ல.
தட்டினேன்.
முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு தாதி
உள்ளே கேட்டு வந்து சொன்னாள்:
பத்தரைக்கு முன்னால் முடியாது,
இன்னொன்று கொடு, இப்போதே.
எட்டு இருபதுக்கு
அந்தச் சக்கரம் மாடி முழுக்கக் கத்தியது.

பத்து ஐம்பதுக்குப் பெண் குழந்தை.
மதியம் சூப்போடு போனபோது
தாயின் மார்பில் தோலோடு தோலாய்க் கிடந்தது.
குதிகாலில் ஊசி தொட்டு
ஒரு சொட்டு எடுத்தார்கள்.
ஐம்பத்தொன்பது.
நல்லதா என்று கேட்டேன்.
"போதும்" என்றாள் தாதி.
தினமும் முந்நூறு முறை கேட்கும் சொல்,
தட்டை நகர்த்தும்போது சொல்வார்கள்.
அன்று வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த எண் என் டம்ளரால் வந்ததா,
அவரையால் வந்ததா, சும்மா வந்ததா?
படிக்கட்டில் டாக்டரைப் பிடித்துக் கேட்டேன்.
தெரியாது என்றார்.
தாய்க்குத் தொண்டை காயவில்லை,
தலை சுற்றவில்லை, அது தெரியும் என்றார்.
தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர்.

இரண்டாம் கட்டிலில் மலைப்பக்கத்துக்காரி.
பிழைத்துவிட்டாள்.
குழந்தை கீழே, கண்ணாடிப் பெட்டியில்.
தட்டு மூடியபடியே இருந்தது.
ஒரு மணிக்கு எடுத்துவிட வேண்டும், விதி.
ஒன்றரைக்குப் போனேன், எடுக்கவில்லை.
இரண்டுக்குப் போனேன்.
மூடி கொஞ்சம் விலகியிருந்தது.